புள்ளி இரண்டாகும் நேரம்

கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் அகல் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் வைத்தது ஒரு வரிசை. தெரிந்தது இரண்டு. காற்றில் சுடர் ஆடுகிறது என்று நினைத்தேன். வலக் கண்ணை மூடினேன், ஒரு வரிசை. இடக் கண்ணை மூடினேன். அப்போதும் ஒரு வரிசை. இரண்டையும் திறந்தால் தெருக்கோடி வரை இரட்டை விளக்கு. அழகாகத்தான் இருந்தது. சொன்னால் பயப்படுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கண் டாக்டர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். புதுக் கண்ணாடியிலும் ஆறு மணிக்கு மேல் எல்லாம் இரண்டுதான்.

*

தமிழ் டீச்சர் வேலை. அப்போது எனக்கு 39 வயது. காலையில் ரிஜிஸ்டர் எடுக்கும்போது குரல் கணீரென்று இருக்கும். கடைசிப் பீரியடில் செய்யுள் நடத்தினால் பாதியிலேயே மூக்குக்கு ஏறிவிடும். அப்புறம் நாக்கு மடங்காது. முதலில் போனது ழகரம். யாழினி என்று கூப்பிட்டால் யாயினி என்று வந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ழகரம் வராத எத்தனையோ பிள்ளைகளை நூறு தடவை சொல்ல வைத்தவள் நான்.

பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் குரல் திரும்பிவிடும். அதனாலேயே இதை நோய் என்று யாரும் நம்பவில்லை, நானும்தான். 1672-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் லத்தீனில் எழுதிய புத்தகத்தில் இதே மாதிரி ஒரு பெண் வருகிறாள். காலையில் நன்றாகப் பேசுவாள். நெடுநேரம் பேசினால் ஒரு சொல்கூட எழும்பாது. ஓரிரு மணி நேரம் ஓய்ந்த பிறகு குரல் வரும். இதைப் படித்த அன்று ஒரு விசித்திரமான ஆறுதல் கிடைத்தது. அவ்வளவு பேச வேண்டிய வேலை அவளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று வெகுநேரம் யோசித்தேன்.

*

ஒரு நாள் இரவு ரசம் சாதம் விழுங்கும்போது ரசம் மூக்கு வழியாக வந்துவிட்டது. இமை இரண்டும் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டருக்கு என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். அவர் முதலில் கேட்டது: "பாம்பு ஏதாவது கடிச்சுதாம்மா?" காலைத் தூக்கி விரலிடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். காவிரி டெல்டாவில் ராத்திரி இமை சொருகி வருகிறவர்களிடம் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. இமை இறங்குவதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அவர் கேள்வி எவ்வளவு அருகில் வந்து நின்றது என்பது பிறகு புரிந்தது. நரம்பின் நுனியில் அசிடைல்கோலின் என்ற ரசாயனம் சுரந்து, தசையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் போய்ச் சேர்ந்தால்தான் தசை அசையும். தைவான் பக்கத்துக் கட்டுவிரியன் இனம் ஒன்றின் விஷத்தில் பங்காரோடாக்சின் என்று ஒன்று உண்டு. அது அந்த ஏற்பியில் போய்ப் பசை போல ஒட்டிக்கொள்ளும். 1973-ல் அமெரிக்காவில் அந்த விஷத்தையே அளவுகோலாக வைத்து, என் நோயான மயஸ்தீனியா கிராவிஸ் வந்தவர்களின் தசையில் ஏற்பிகள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் பெயர் சத்யமூர்த்தி. ரிஜிஸ்டர் எடுத்துப் பழகிய கண், அந்தப் பெயரில் போய் நின்றுகொண்டது.

அதே ஆண்டு கலிபோர்னியாவில் வேறு இருவர் மின்விலாங்கின் ஏற்பியை எடுத்து முயல்களுக்கு ஊசி போட்டார்கள். அதை எதிர்க்க முயலின் உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடிகள், முயலின் சொந்தத் தசையையும் சேர்த்துத் தாக்கின. முயல்கள் துவண்டு விழுந்தன. எங்களுக்குக் கொடுக்கும் மருந்து இனத்தைச் சேர்ந்த ஒன்றைக் கொடுத்ததும் எழுந்து நின்றன. இந்த நோயை நினைத்தால் எனக்கு முதலில் அந்த முயல்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

*

"ஆட்டோ இம்யூன்" என்றார் நரம்பு டாக்டர். அம்மாவுக்கு அதில் ஆட்டோ மட்டும்தான் புரிந்தது. "எந்த ஆட்டோவுலடி போனே? எதிர்க்காத்து அடிச்சிருக்கும்" என்றாள்.

அம்மாவுக்கு நான் மடையைச் சொல்லி விளக்கினேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. வயலுக்குள் விடும் மடைகளை யாரோ மண் போட்டு அடைத்துவிட்டார்கள். பத்து மடை இருந்த இடத்தில் மூன்று. அடைத்தது வெளி ஆளா என்றால், நம் வீட்டு ஆள்தான், காவலுக்கு வைத்திருந்தவன். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை மடையைத் திறக்காது. வடிகாலை அடைக்கும். வந்த கொஞ்சம் தண்ணீர் வடியாமல் இன்னும் சற்று நேரம் நிற்கும். மாத்திரை போட்ட அரை மணியில் இமை ஏறும். மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். பிறகு திரும்ப இறங்கும்.

"அப்ப மடையை யார் திறக்கிறது?" என்று கேட்டாள். காவல்காரனை அடக்க ஸ்டீராய்டு, அதற்குப் பிறகு அசதயோபிரின் என்று அடுத்தடுத்து வந்தன. அசதயோபிரின் வேலை காட்ட ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார் டாக்டர். அம்மா விரல் விட்டு எண்ணி, "அடுத்த தீபாவளி" என்றாள்.

வடிகாலை அடைக்கும் யோசனை 1934-ல் லண்டன் பக்கம் கிரீனிச்சில், மேரி வாக்கர் என்ற டாக்டருக்கு வந்தது. நோயாளிகளின் துவளல், தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவும் க்யூராரே விஷம் ஏறியவர்களின் துவளல் போலவே இருப்பதைப் பார்த்து, அந்த விஷத்துக்கு மாற்றான பைசோஸ்டிக்மினைப் போட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் நோயாளிக்கு இமை ஏறியது. அந்தப் பைசோஸ்டிக்மினும் ஒரு விஷக் கொட்டையிலிருந்து வந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்ற ஊர்ப் பக்கம், குற்றம் செய்தவனா என்று சோதிக்க அந்தக் கொட்டையைத் தின்னக் கொடுப்பார்களாம். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. என் மாத்திரைப் பெட்டியில் அதன் பேரப்பிள்ளை 60 மில்லிகிராமில் இருக்கிறது.

*

இதோடு நின்றிருந்தால் இந்த நோட்டு தேவைப்பட்டிருக்காது.

மறு வருஷம் ஆடியில் உடம்பு இளைத்தது. சோறு நன்றாகத்தான் இறங்கியது. கரும்பலகையில் கோடு நெளிந்தது, சாக்பீஸ் பிடித்த விரல் நடுங்கியது. ராத்திரி படுத்தால் நெஞ்சு தடதடவென்று காதுக்குள் கேட்டது. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். படபடப்புக்கு என்று ப்ரோப்ரனலால் எழுதினார். சின்ன மாத்திரை. படபடப்பு அடங்கியது. மூன்றாம் நாள் கழுத்து தலையைத் தாங்கவில்லை. தாடையைக் கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு இட்லி மென்றேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததுதான். கொஞ்ச நாளில் போய்விட்டது. எனக்கு வந்திருந்தது கிரேவ்ஸ் நோய், தைராய்டு சுரப்பி கட்டில்லாமல் சுரப்பது. அந்தப் படபடப்புக்கு ப்ரோப்ரனலால் சரியான மருந்துதான். மயஸ்தீனியாவில் அதே மருந்து தசையை இன்னும் கீழே தள்ளிவிடும். மருந்து மாறவில்லை, உடம்பும் ஒன்றுதான். அவர் கையில் ஒரு ஃபைல் இருந்தது. இன்னொன்றை நான் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

மயஸ்தீனியாவுக்குத் துணையாக வரும் இன்னொரு ஆட்டோ இம்யூன் நோய் பெரும்பாலும் தைராய்டாகத்தான் இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். சிலருக்கு முடக்குவாதம், சிலருக்கு லூபஸ். லூபஸ் வந்தவர்கள் பாடு இன்னும் சிக்கல். அதற்கு முதலில் எழுதும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், மயஸ்தீனியாக்காரர்களுக்கு யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

என் இரண்டு நோயும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றாலும் குணம் நேர் எதிர். மயஸ்தீனியாவில் ஆன்டிபாடி போய்க் கதவை அடைக்கிறது. தைராய்டில் ஆன்டிபாடி போய் மணி அடிக்கிறது. சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வர வேண்டிய உத்தரவை அதுவே கொடுத்துக்கொண்டிருக்கும். பியூன் இல்லாமல் நாள் முழுக்க அடிக்கும் பள்ளிக்கூட மணி.

அந்த வருஷத்துப் பள்ளிக் குரூப் போட்டோவில் என் கண் வெகு சரியாக இருக்கிறது. தைராய்டு இமையை மேலே இழுத்திருக்கிறது, மயஸ்தீனியா கீழே இழுத்திருக்கிறது. நடுவில் நின்றிருக்கிறது கண். பார்த்தவர்கள் எல்லாம் குணமாகிவிட்டது என்றார்கள்.

*

நோட்டை நரம்பு டாக்டர்தான் போடச் சொன்னார். "சோர்வா இருக்குன்னு மட்டும் எழுதாதீங்கம்மா. எந்தச் சோர்வுன்னு எழுதுங்க" என்றார். அன்று எரிச்சலாக இருந்தது. சோர்வில் என்ன ஜாதி? இப்போது, இருபது வருஷம் நான் நடத்திய இலக்கணத்தைவிட நுட்பமான இலக்கணம் இதில் இருக்கிறது என்று படுகிறது.

பள்ளியின் மாடிக்கு 22 படி. பதினொன்றில் திருப்பம்.

முதல் ஐந்து படி சுலபமாக ஏறி, எட்டாவதில் கால் கனத்து, திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினால் மறுபடி ஏற முடிகிறது என்றால் அது மயஸ்தீனியா. செய்யச் செய்யத் தீரும், ஓய்ந்தால் ஊறும். இதற்கு வலி கிடையாது. பாரம் மட்டும்.

முதல் படிக்கே முழங்காலில் கையை ஊன்ற வேண்டியிருந்தால், கூடவே கை நடுங்கி வியர்த்தால், தைராய்டு. இடுப்பும் தொடையும் தோளும்தான் இதற்கு இலக்கு. பத்து நிமிஷம் உட்கார்ந்தாலும் படி அப்படியே இருக்கும்.

முதல் படியே கஷ்டம், ஆனால் நடுக்கமும் வியர்வையும் இல்லை, வாரக்கணக்கில் மெதுவாகக் கூடியது என்றால் வைசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சந்தேகப்பட வேண்டும். காவல்காரனை அடக்க வந்த ஸ்டீராய்டே தொடைச் சதையைக் கரைக்கும். ரத்தப் பரிசோதனையில் தசைக்கேடு பெரும்பாலும் தெரியாது. இதைத்தான் கண்டுபிடிக்க எனக்கு அதிக நாள் ஆனது. நோய் கூடிவிட்டதென்று ஸ்டீராய்டைக் கூட்டியிருந்தால் கால் இன்னும் போயிருக்கும்.

வாயில் எச்சில் ஊறி, வயிற்றைப் பிசைந்து, கன்னச்சதை தானாகத் துடித்துக்கொண்டு சோர்வு வந்தால், மாத்திரை அதிகம். மடையில் தண்ணீர் மிஞ்சினாலும் நாற்று அழுகும். இன்னொரு மாத்திரை போட்டால் சரியாகும் என்று கை போகும். போகக் கூடாத இடம் அது.

பொட்டாசியம் இறங்கினாலும் கால் விழும். கத்திரி வெயிலில் எல்லாமே ஒரு பங்கு கூடும். சூடு மயஸ்தீனியாவுக்கு ஆகாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இமைமேல் இரண்டு நிமிஷம் வைத்தால் இமை ஏறும். இதை ஒரு பரிசோதனையாகவே டாக்டர்கள் செய்கிறார்கள். மே மாதத்தில் நான் அதைத் தினமும் செய்தேன், பரிசோதனைக்கு இல்லை, சமையல் முடிப்பதற்கு.

*

மார்கழி. விடியற்காலை வாசலில் 15 புள்ளி வைத்தேன், 8 முடிய, ஊடுபுள்ளி. புள்ளிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பழைய பழக்கத்தில் மாத்திரை நேரம் தவறிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம்தான் நோட்டைப் புரட்டினேன். மயஸ்தீனியாவின் இரட்டை, சாயங்கால இரட்டை. காலையில் தூங்கி எழுந்த கண்ணுக்கு அது வரக் கூடாது. காலையில் அதிகமாகி, நேரம் ஆக ஆகக் குறைகிறது என்றால் தைராய்டு கண்ணைத் தொட்டுவிட்டது என்று பொருள். கண்ணுக்குப் பின்னால் தசைகள் வீங்கும். இரவெல்லாம் படுத்திருந்ததில் நீர் கோத்திருக்கும்.

அன்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோலத்தை முடித்தேன். அதற்கப்புறம் தலைக்கு இரண்டு தலையணை. தைராய்டு டாக்டர் கார்பிமசோல் அளவை மாற்றினார். தைராய்டு ஏறினாலும் மயஸ்தீனியா கெடும், மருந்து மிஞ்சி இறங்கினாலும் கெடும். தராசு முள்ளை நடுவில் நிறுத்தச் சொல்கிறார்கள். காய்கறிக் கடையில்கூட முள் நடுவில் நின்று நான் பார்த்ததில்லை.

*

மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. சின்ன வயதில் பெரிதாக இருந்து, பருவம் வந்தபின் சுருங்கி, கொழுப்பாகிப் போக வேண்டியது. மயஸ்தீனியா வந்த பலருக்கு அது சுருங்காமல் இருக்கும். நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குக் கட்டியாகவே இருக்கும். கட்டி இல்லாவிட்டாலும் எடுத்துவிட்டால் நல்லது என்று, 126 பேரை வைத்துச் செய்து 2016-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. சர்ஜன் தேதி கொடுக்கத் தயாராக இருந்தார்.

தைராய்டு டாக்டர் பொறுக்கச் சொன்னார். கிரேவ்ஸ் நோயிலும் தைமஸ் பெருக்கும், தைராய்டு அடங்கினால் தானே சுருங்கும் என்றார். அதைவிட, தைராய்டு அடங்காமல் மயக்க மருந்து கொடுக்கவே கூடாது என்றார். ஸ்கேனில் இருந்த அந்த நிழல் எந்த நோயின் பிள்ளை என்று இரண்டு டாக்டர்களும் போனில் பேசிக்கொண்டார்கள். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஐந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வைத்தியம் அந்தப் போன்தான். மூன்று நிமிஷம் இருக்கும்.

ஏழு மாதம் கழித்து ஸ்கேனில் நிழல் சின்னதாகியிருந்தது, முழுக்கப் போகவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, தூங்கிவிட்டேன்.

*

பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின், ஜென்டமைசின், ஊசியில் ஏற்றும் மெக்னீசியம், குவினைன், ப்ரோப்ரனலால். கேட்காமல் தரக் கூடாதவை. மருந்துக் கடையில் "தொண்டைக்கட்டு" என்று வாய் திறந்தால் மூன்று நாள் அசித்ரோமைசினைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிற ஊர் இது. அந்தத் தொண்டைக்கட்டும் எனக்குச் சாதாரணம் இல்லை. கார்பிமசோல் அபூர்வமாக வெள்ளணுக்களை வழித்துத் துடைத்துவிடும், அசதயோபிரினும் அவற்றைக் குறைக்கும். இரண்டையும் தின்கிறவளுக்குக் காய்ச்சலோடு தொண்டை வலித்தால் முதலில் ரத்தம் எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மாத்திரை. மிளகு ரசம் வைத்துவிட்டு லேபுக்குப் போவேன்.

*

வீட்டுக்கு வந்து போகிறவர்கள் சொன்னவை:

தைராய்டில் இளைத்தபோது: "என்னடி, சுகரா?"

ஸ்டீராய்டில் முகம் உப்பியபோது: "இப்பதான் நல்லா தேறியிருக்கே."

"அமிதாப் பச்சனுக்கு வந்துச்சே, அதுதானே? அவர் எவ்வளவு படம் நடிச்சாரு!" உண்மைதான். அவருக்கு எண்பதுகளில் வந்தது. ஆனால் அவர் துணி துவைத்ததாக யாரும் சொல்லவில்லை.

"யோகா பண்ணு." பண்ணலாம். ஓர் ஆசனத்தில் அப்படியே நில் என்பது மட்டும் எனக்கு ஆகாது.

*

தியான வகுப்பு ஒன்றுக்குத் தோழி அழைத்துப் போனாள். மூச்சைக் கவனியுங்கள், எண்ண வேண்டாம், சும்மா பாருங்கள் என்றார் அங்கிருந்த அம்மா. நான் எண்ணினேன். எண்ணாமல் என்னால் மூச்சைப் பார்க்க முடியாது.

காலையில் எழுந்ததும் நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவேன். உடம்பு சரியாக இருக்கிறவர்கள் ஐம்பது வரை போவார்கள். என் கணக்கு முப்பத்தைந்து, நாற்பது. இருபதுக்குக் கீழே வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மூச்சுத் தசை களைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை பதினான்கில் நின்றது. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள். அந்த பில் தம்பியிடம் இருக்கிறது, எனக்குக் காட்டவில்லை.

சின்ன வயதில் தம்பி சடுகுடு ஆடும்போது கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போவான். மூச்சு விட்டால் அவுட். அவன் மூச்சு தீரப்போவது வெளியில் நிற்கிற எனக்கு முதலில் தெரியும். குரல் சன்னமாகும், காது மடல் சிவக்கும். "திரும்புடா" என்று கத்துவேன். இப்போது காலையில் நான் எண்ணும்போது அவன் ஊரில் இருந்தால், அடுத்த அறையில் பேப்பர் புரட்டும் சத்தம் நின்றுவிடும். இருபதைத் தாண்டினால் மறுபடி கேட்கும்.

*

தீபாவளிக்கு முதல் நாள். ஸ்டீராய்டு ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறது. தைராய்டு ரிப்போர்ட்டில் எல்லா எண்ணும் கோட்டுக்குள். மூன்று வருஷமாகக் கடையில்தான் முறுக்கு வாங்கினோம். இந்த வருஷம் மாவு பிசைந்தேன், இரண்டு படி. மகள் பிழிகிறேன் என்றாள். முதல் ஈட்டை நான் பிழிகிறேன் என்று நாழியை வாங்கி, ஐந்து ஈடு பிழிந்தேன். இடையில் ஒருமுறை உட்கார்ந்தேன். இமை இறங்கவில்லை.

மறுநாள் காலை எண்ணெய்க் குளியலுக்குக் கையைத் தூக்கினேன். வலது தோள், புஜம், முன்கை எல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. பயந்து நோட்டை எடுத்தேன். நாற்பத்திரண்டு எண்ணினேன். கை நடுங்கவில்லை, வியர்க்கவில்லை, கன்னம் துடிக்கவில்லை. விளக்கு ஒன்றாகத் தெரிந்தது. புஜத்தை அமுக்கிப் பார்த்தேன். நன்றாக வலித்தது.

"தைலம் தேய்ச்சு விடட்டுமாம்மா?" என்று மகள் வந்தாள்.

கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.